ஒரே மருந்து, வேறு வேறு விலை

பூன் லே என்னும் பெயர், சிங்கப்பூரின் ஜூரோங் வட்டாரத்தில் ஒரு காலத்தில் ஏராளமான நிலம் உடையவராயிருந்த சியூ பூன் லே என்ற சீன வர்த்தகரிடமிருந்து வந்தது. இன்று அந்நிலம் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகள் நிறைந்து, தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்களும், போய் ஓய்ந்தவர்களும் வாழும் இடமாயிருக்கிறது. இங்கே மாதச் சம்பளத்தில் காலந்தள்ளும் ஒரு குடும்பத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று நிர்ணயமாகி, மாதத்துக்கு ஆறாயிரம் வெள்ளி பெறுமான ஔஷதம் சிபாரிசு செய்யப்படும்போது, வியாதியைப் பற்றிய பயம் ஒரு பங்கென்றால் விலையைப் பற்றிய பயம் இரண்டு பங்காக வந்து சேர்வது இயல்பே. ஆனால் அந்தக் குடும்பம் கடைசியில் கட்டப்போகும் தொகை, மருந்தின் விலையைவிட, நோயாளி எந்த வாசல் வழியாக மருத்துவமனைக்குள் நுழைந்தார் என்பதையே அதிகமாகச் சார்ந்திருக்கிறது.

பலதுறை மருந்தகத்தின் கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனை நிபுணரிடம் போகிறவர் ‘சகாயக் கட்டண’ நோயாளியாகப் பதிவாகிறார். தாமாகவே ஒரு நிபுணரைத் தேர்ந்துகொண்டு போகிறவர், அதே கட்டடத்தில், அதே நாற்காலியில் ஊசி போட்டுக்கொண்டாலும், தனியார் நோயாளியாகிறார். தரநிலை மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கும், அதற்கும் மேலான விலையுயர்ந்த சில மருந்துகளுக்கென 2010இல் ஏற்பட்ட மருந்து உதவி நிதியில் உள்ளவற்றுக்கும், குடும்பத்தின் தலா வருமானத்தைப் பொறுத்து 75 விழுக்காடு வரை கிடைக்கும் மானியம் முன்னவருக்கே உரியது. பதற்றத்தில் முதல் நாளே தனியார் வரிசையில் பெயர் கொடுத்துவிட்டு, பிறகு மருத்துவ சமூக சேவையாளரின் அறை வாயிலில் வகுப்பு மாற்றத்துக்காகக் காத்திருப்பவர்கள் பலர். அந்த மாற்றம் முடியாத காரியமல்ல. ஆனால் முதல் ஊசிக்கு முன்னால் எளிதாயிருப்பது மூன்றாவது ஊசிக்குப் பின்னால் சிரமமாகிவிடுகிறது.

ஒரு பேச்சுக்குத் தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மருந்து மாதம் 6,000 வெள்ளி, மானியம் பாதி, மெடிஷீல்டு லைஃப் என்னும் தேசிய மருத்துவக் காப்புறுதி அந்த மருந்துக்கு வைத்திருக்கும் மாத வரம்பு 2,000 வெள்ளி. மானியம் போக நிற்கும் 3,000இல் காப்புறுதி 2,000 கொடுக்கிறது, மத்திய சேமநிதியின் மெடிசேவ் கணக்கிலிருந்து 600 எடுக்கலாம், கையிலிருந்து 400. மானியமில்லாத நோயாளிக்கு இந்த இரு வரம்புகளும் அப்படியே இருந்தாலும்கூட, கையிலிருந்து போவது 3,400. ஊசி மருந்தில் ஒரு துளி வித்தியாசமும் இல்லை.

இந்த மாத வரம்பு என்னும் ஏற்பாடு புதிது. முன்பு எந்தப் புற்றுநோய் மருந்தானாலும் மெடிஷீல்டு லைஃப் மாதம் 3,000 வெள்ளி வரை ஒரே சீராகக் கொடுத்து வந்தது. காப்புறுதி கொடுக்கிறது என்று தெரிந்தபின் மருந்து உற்பத்தியாளர் விலையைக் குறைப்பதற்கு என்ன அவசியம்? புற்றுநோய் மருந்துகளுக்கான செலவு ஏனைய மருந்துகளுக்கானதைவிடப் பன்மடங்கு வேகத்தில் ஏறிக்கொண்டே போயிற்று. ஆகவே 2022 செப்டம்பர் முதல், சுகாதார அமைச்சின் புற்றுநோய் மருந்துப் பட்டியலில் இடம்பெற்ற சிகிச்சைகளுக்கு மட்டுமே கொடுப்பது என்றும், மருந்துக்கு மருந்து 200 வெள்ளியிலிருந்து 9,600 வெள்ளி வரை வெவ்வேறு வரம்பு என்றும் விதி மாறியது. தனியார் நிறுவனங்களின் ஒருங்கிணைந்த காப்புறுதித் திட்டங்களும் 2023 ஏப்ரல் முதல் அதே வழிக்கு வந்தன. பட்டியலில் இடம் வேண்டுமென்றால் விலையைக் குறை என்று பேரம் பேசும் பலம் அரசாங்கத்துக்கு வந்ததால், பல மருந்துகளின் விலை உண்மையிலேயே இறங்கிற்று. இது நியாயமான பேரம் என்பதே என் அபிப்பிராயம். எனினும் பட்டியல் மருந்தின் பெயரை மட்டும் பார்ப்பதில்லை. எந்த வியாதிக்கு, எந்தக் கட்டத்தில் அது கொடுக்கப்படுகிறது என்பதையும் சேர்த்தே பார்க்கிறது என்பதைச் சாமானியர்கள் தெரிந்துகொள்வது அவசியம். நுரையீரல் புற்றுக்கு அனுமதிக்கப்பட்ட அதே குப்பி, வேறோர் அவயவத்தின் புற்றுக்கு எழுதப்படும்போது பட்டியலுக்கு வெளியே நிற்கலாம். “எங்க அண்ணிக்குக் கிடைச்சுதே, எனக்கு ஏன் இல்லை?” என்று மருந்து வழங்குமிடத்தில் எழும் கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் விடை.

உயிரணுக்களில் வளர்த்துத் தயாரிக்கப்படும் மருந்துகளின் காப்புரிமைக் காலம் முடிந்தபின் பிற ஸ்தாபனங்கள் தயாரிக்கும் ‘பயோசிமிலர்’ வகைகளைப் பற்றி நம்மவரிடையே வீண் சந்தேகம் ஒன்று உண்டு. மார்பகப் புற்றுக்கான டிராஸ்டுஜுமாப், மூட்டுவாதத்துக்கான அடலிமுமாப் போன்றவற்றுக்கு இவ்வகைகள் வந்துவிட்டன. மூல மருந்துக்கு இணையான குணமும் பத்திரமும் உடையவை என்று பரிசோதித்த பிறகே அனுமதிக்கப்படுகின்றன. விலை குறைவென்பதால் சரக்கு மட்டம் என்று கருதுவது துணிக்கடைக்குப் பொருந்தலாம், இங்கே பொருந்தாது.

இன்னொரு வழக்கம், சென்னையிலிருந்து வருகிற உறவினரிடம் மருந்து வாங்கிவரச் சொல்வது. அங்கே விலை மலிவாயிருப்பதற்குச் சட்டமும் ஒரு காரணம்: 2012 மார்ச்சில், மாதம் ஏறத்தாழ 2,80,000 ரூபாய் விலையுள்ள பேயர் நிறுவனத்தின் நெக்ஸவார் என்னும் புற்றுநோய் மாத்திரையை, 8,880 ரூபாய்க்கு மிகாமல் விற்கும் நிபந்தனையோடு ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனம் தயாரிக்க இந்திய அரசு கட்டாய உரிமம் வழங்கியது. சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவு வரை கையோடு கொண்டுவர சிங்கப்பூர்ச் சட்டம் பொதுவாக இடங்கொடுக்கிறது. ஆயினும் மாத்திரை வேறு, ஊசி வேறு. 2 முதல் 8 டிகிரிக் குளிரிலேயே இருக்கவேண்டிய குப்பியைத் துணிப்பெட்டியில் வைத்து விமானமேற்றினால், வந்து சேர்வது மருந்தாயிருக்குமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரமுடியாது. வைத்தியரிடம் சொல்லாமல் இதைச் செய்வது புத்தியல்ல.

அரிய நோய்களின் கதையே வேறு. 2021இல், முதுகுத்தண்டு நரம்புசார் தசைநலிவு என்னும் வியாதி கொண்ட ஒரு குழந்தைக்கு, ஒரே முறை செலுத்தும் ஸோல்ஜென்ஸ்மா என்ற மரபணுச் சிகிச்சைக்காக, இந்நாட்டு மக்கள் 28 லட்சம் வெள்ளிக்கு மேல் வசூலித்துக் கொடுத்தார்கள். போற்றத்தக்க காரியம், ஆனால் புகைப்படமும் பிரசித்தியும் வாய்க்காத குழந்தைக்கு யார் வசூலிப்பார்கள்? 2019இல் தோன்றிய அரிய நோய் நிதி, பொதுமக்கள் தரும் ஒவ்வொரு வெள்ளிக்கும் அரசாங்கம் மூன்று வெள்ளி சேர்க்கும் கிரமத்தில் நடப்பது. குறிப்பிட்ட சில வியாதிகளுக்கே அது பயன்படுமெனினும், முகம் பாராமல் கொடுப்பதால் இதுவே நிலையான வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

இவ்வளவும் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் பற்றிய பேச்சு. அவர்களிலும் மானியம் இருசாராருக்கும் சமமல்ல. ஞாயிறுதோறும் பூன் லே ரயில் நிலையத்தருகே கூடும் தமிழ்நாட்டுத் தொழிலாளிக்கு மெடிசேவும் இல்லை, மானியமும் இல்லை. முதலாளி எடுத்துத் தரும் காப்புறுதி, 2023 ஜூலை முதல் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி, மருத்துவமனையில் படுக்கும் செலவுக்கும் பகல்நேர அறுவைக்கும்தான். நீண்டகால மருந்துச் செலவுக்கு அதை நம்பியிருக்க முடியாது. பலர் ஊருக்கே திரும்பிச் சிகிச்சை தேடுகிறார்கள்.

எல்லாம் பார்த்தும் தொகை மிஞ்சினால், மருத்துவ சமூக சேவையாளரிடம் மெடிஃபண்ட் என்னும் அரசாங்க நிதியின் உதவிக்கு விண்ணப்பிக்கக் குடிமக்களுக்கு வழியுண்டு. சில உற்பத்தியாளர்கள் நோயாளிக்கென வைத்திருக்கும் சலுகைத் திட்டங்களைப் பற்றி வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ வாய்விட்டுக் கேட்கவும் வேண்டும், கேளாமல் யாரும் சொல்வதில்லை. புற்றுநோய் மருந்துப் பட்டியலை அமைச்சு அவ்வப்போது திருத்தி வெளியிடுகிறது. ஆகையால் சென்ற ஆண்டு “இல்லை” என்ற விடை பெற்றவர், அடுத்த சிகிச்சைச் சுற்றுக்குப் போகும்போது அதே கேள்வியை மறுபடியும் கேட்கலாம்.