டையோடில் பிறக்கும் காந்தாரம்

முத்துசுவாமி தீட்சிதரின் முதல் கிருதி பிறந்த இடம் திருத்தணி மலை என்பது சங்கீத மரபு. 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' என்ற அந்தக் கிருதி மாயாமாளவகௌளை ராகத்தில் அமைந்தது. பாட்டு கற்கும் குழந்தை சரளி வரிசையில் தொடங்குவதும் அதே ராகத்தில்தான். அதன் ச, க, ப மூன்றையும் கிட்டாரின் ஒற்றைத் தந்தியிலிருந்து வரவழைக்கலாம். ஆடிக் கிருத்திகை இன்னிசைக் கச்சேரிக்கு வரும் சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப்பே அதற்குப் போதும்.

ஐந்தாம் தந்தி நொடிக்கு 110 முறை அதிர்கிறது. அதுவே ச என்று வைத்துக்கொள்வோம். ஆம்ப்பின் கெயின் திருகை ஏற்ற ஏற்ற அந்த அதிர்வின் மின் அலை வளர்கிறது. ஓர் எல்லைக்கு மேல் மின்சுற்று இடம் கொடுக்காது. தாழ்ந்த வாசலில் நுழையும் பூக்காவடிபோல அலையின் உச்சி மழுங்கிவிடும். இந்த வெட்டுதான் டிஸ்டார்ஷன். வெட்டுப்பட்ட அலையில் மேற்சுரங்கள், அதாவது 110-இன் மடங்குகள், வலுக்கின்றன. 330 என்பது பஞ்சமம். 550 அந்தர காந்தாரம். தம்புராவில் தானாகக் கேட்குமே, அதே காந்தாரம்! பதினைந்தாம் மடங்கான 1650 காகலி நிஷாதம். ஏழாம் மடங்கு 770 மட்டும் கைசிகி நிஷாதத்துக்குச் சற்றுக் கீழே நின்று ராகத்துக்கு வெளியே போய்விடுகிறது.

அலையின் மேலும் கீழும் சமமாக வெட்டினால் ஒற்றைப்படை மடங்குகள்தான் வலுக்கும். ஒரு பக்கம் கூடுதலாக வெட்டினால் 220, 440 என்று மேல் ஸ்தாயி ச-க்களும் சேர்ந்து தொனி கனக்கும். வெட்டும் வேலையைச் செய்பவை அரிசி மணி அளவே உள்ள டையோடுகள். ஜெர்மேனியம் டையோடு சுமார் 0.3 வோல்ட்டிலேயே வெட்டத் தொடங்கும், சிலிக்கான் 0.6-இல், சிவப்பு எல்.இ.டி. 1.8 அளவில். பக்கத்துக்கு ஒரு வகை போட்டாலே குரல் மாறிவிடும். 1977-இல் வந்த பாஸ் ஓடி-1 பெடல் சமமில்லா வெட்டால் பெயர் வாங்கியது.

குரலை மாற்றப் பணம் செலவழிக்காத வழியும் உண்டு. கிட்டாரின் வால்யூமைக் கொஞ்சம் குறையுங்கள்: அலை எல்லைக்குள் அடங்கி ஒலி தெளியும். வெட்டுக்கு முன்னால் பேஸைக் குறைத்துப் பின்னால் ஏற்றினால் குழைந்துபோன ஒலி இறுகும். ஆம்ப்பில் ஒரே ஒரு குரல்தான் இருக்கிறது என்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் செய்து பார்க்காதவர்கள்.

இரண்டு தந்திகளைச் சேர்த்து மீட்டும்போதுதான் பெரிய வியப்பு. சமமில்லா வெட்டு இரண்டு அதிர்வெண்களின் வித்தியாசத்தையும் புதிய சுரமாக்கிவிடும். 110-உம் 165-உம் ச, ப. வித்தியாசம் 55: யாரும் மீட்டாத கீழ் ஸ்தாயி ச. ராக் கிட்டாரில் ச-ப சேர்க்கை அவ்வளவு கனமாக ஒலிக்க இதுவும் ஒரு காரணம்.

காந்தாரம் இதற்கு எளிதில் இணங்காது. 440-இல் ச வைத்தால் சுத்தமான க 550. கிட்டாரின் ஃப்ரெட் தருவதோ 554. வித்தியாசம் 110-க்குப் பதில் 114 ஆகி ஒலி உறுமும். முந்தைய ஃப்ரெட்டில் விரலை வைத்துத் தந்தியை 550 வரை இழுத்தால் உறுமல் அடங்கி, அடியில் ச நிற்கும். இன்னும் இழுத்து மத்திமத்துக்குப் போனால் 587. மேலே நகர்ந்தது அரைச் சுரம்தான். வித்தியாசமோ 110-இலிருந்து 147-க்குத் தாவுகிறது. க-விலிருந்து ம-வுக்கு ஒரு கமகம். அடியில் ச-விலிருந்து ம வரை ஒரு பாய்ச்சல்.