வேற்றுமை உருபும் ஆங்கிலப் பண்புச்சொல்லும்

ஆங்கிலம் பயிலும் தமிழ் மாணாக்கரை இடறச் செய்வன நெடிய சொற்கள் அல்ல. அவற்றை அகராதியிற் பார்த்து மனனம் செய்துவிடுவர். டூ, ஃபோர், ஒவ், அட், இன், ஒன், வித், ஃப்ரொம் என்னும் சின்னஞ் சிறு சொற்களே அவர்தம் கட்டுரைகளிற் சிவப்பு மை பெருகக் காரணமாவன. அவற்றுள்ளும், பண்புச்சொல்லை அடுத்து எந்த முன்னிடைச்சொல் வரவேண்டும் என்பதே பெரிய தொல்லை. தமிழாசிரியராகிய எமக்கு ஆங்கில இலக்கணத்தில் என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். இந்நோய்க்கு மருந்து தமிழ் இலக்கணத்திலேயே உண்டு என்பது எம் கருத்து. அதனாலேயே இதனை எழுதத் துணிந்தோம்.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வளரும் பிள்ளை ஆங்கிலத்தைச் செவிவழி கற்பதில்லை. லயத்திற் பேசுவது தமிழ். கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் கேட்பது சிங்களம். ஆங்கிலம் புத்தகத்தில் மட்டுமே உள்ளது. ஆகவே அவன் தமிழில் எண்ணி, உருபுக்கு உருபு மாற்றி எழுதுகின்றான். "ஆசிரியர் என்மேற் கோபமாக இருக்கின்றார்" என்பது அவன் கையில் "ஆங்கிரி ஒன் மீ" என்றாகின்றது. ஆங்கிலேயன் ஆள்மேற் கோபங் கொள்வதில்லை; ஆளோடு கோபங் கொள்கின்றான். அங்கே வரவேண்டியது "வித்". வேடிக்கை என்னவெனின், இதே பிள்ளை சிங்கள நண்பனிடம் "மாத் எக்க தரஹயி" என்று பிழையறச் சொல்லக் கேட்டிருக்கின்றோம். "எக்க" என்பது "உடன்" என்னும் பொருளது. சிங்களத்தில் "உடன்" சொல்லத் தெரிந்தவனுக்கு ஆங்கில "வித்"தைக் கற்பிக்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை நாம் செலவிடுவதில்லை.

இனி, இலக்கணத்துக்கு வருவோம். நான்காம் வேற்றுமையின் "கு" உருபுக்குக் கொடை, பகை, தகுதி, பொருட்டு, முறை முதலான பொருள்களை நன்னூலார் வகுத்தார். இவற்றை ஆங்கிலம் இரண்டு சொற்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துள்ளது. ஒருவர்பாற் செல்லும் அன்பு, பகை, நன்றி, பணிவு, உறவு ஆகியவற்றுக்கு "டூ": கைண்ட் டூ, ஹொஸ்டைல் டூ, கிரேட்ஃபுல் டூ, ஒபீடியன்ட் டூ, மரீட் டூ. தகுதிக்கும் பொருட்டுக்கும் "ஃபோர்": ஃபிட் ஃபோர், ரெடி ஃபோர், ரெஸ்பொன்சிபிள் ஃபோர். இரத்தினபுரி மாணிக்கக் கற்களுக்குப் பெயர் பெற்றது என்னும்போதும் ஃபேமஸ் ஃபோர் என்பதே வழக்கு. ஆனால் அம்மண் மாணிக்க வளம் மிக்கது என்றால் ரிச் இன் என்க.

நீக்கப் பொருளில் வரும் ஐந்தாம் வேற்றுமைக்கு "ஃப்ரொம்" பெரும்பாலும் பொருந்தும். அப்சன்ட் ஃப்ரொம், ஃபார் ஃப்ரொம், டிஃபரன்ட் ஃப்ரொம் என்பன காண்க. இவற்றில் மாணாக்கர் தவறுவது குறைவு.

பெருந் தொல்லை "ஒவ்" என்னும் சொல்லால் விளைகின்றது. தொடக்க வகுப்பில் "ஒவ் என்றால் உடைய" என்று கற்பித்துவிடுகின்றோம். அத்துடன் அது ஆறாம் வேற்றுமையிற் சிறைப்பட்டுவிடுகின்றது. பின்னர் அஃப்ரெய்ட் ஒவ், ப்ரவுட் ஒவ், ஃபொண்ட் ஒவ், அஷேம்ட் ஒவ், ஜெலஸ் ஒவ், கேப்பபிள் ஒவ் என்று வருமிடங்களில் "உடைய" எங்கே என்று பிள்ளை தேடுகின்றான். காணாமையால் தன் தமிழை நம்பி "ப்ரவுட் அபவுட்", "ஜெலஸ் ஒன்" என்று எழுதுகின்றான். பழைய ஆங்கிலத்தில் "ஒவ்", "ஒஃப்" இரண்டும் ஒரே சொல்லாக இருந்தவை. விலகல், நீக்கம் என்பதே அதன் முதற்பொருள். ஆகவே அதனை ஆறாம் வேற்றுமைக்கு மட்டும் உறவாக்காமல் ஐந்தாம் வேற்றுமைக்கும் உறவாக்குதல் வேண்டும்.

இதற்குத் தொல்காப்பியமே துணை நிற்கின்றது. அச்சத்தைக் குறிக்கும் சொல்லுக்கு ஐந்தாம் வேற்றுமையும் வரலாம், இரண்டாம் வேற்றுமையும் வரலாம், பொருளில் வேறுபாடு இல்லை என்று வேற்றுமை மயங்கியல் விதி செய்கின்றது. பழியின் அஞ்சுதலும் பழியை அஞ்சுதலும் ஒன்றே. இற்றைப் பேச்சில் "நாய்க்குப் பயம்" என்கின்றோம், "நாயைக் கண்டால் பயம்" என்றும் சொல்கின்றோம். இத்தனை வழிகளைத் தமிழ் திறந்து வைத்திருக்க, ஆங்கிலம் ஒன்றை மட்டும் திறந்து வைத்துள்ளது. அஃப்ரெய்ட் என்றால் அஞ்சப்படும் பொருளுக்கு முன் "ஒவ்" வரும். அதே சொல்லோடு "ஃபோர்" வந்தால் பொருள் வேறு: யாருக்குத் தீங்கு நேருமோ அவரைப் பற்றிய அச்சம். 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்தபின், மழைக்காலத்தில் மேட்டு லயங்களில் உறங்காத பெற்றோர்க்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. மலைச்சரிவுக்கு அஞ்சுதல் "அஃப்ரெய்ட் ஒவ்". குழந்தைகளுக்காக அஞ்சுதல் "அஃப்ரெய்ட் ஃபோர்".

உருபை ஆளுவது அதன் அருகில் நிற்கும் பெயர் அன்று. அது கொண்டு முடியும் சொல்லே என்பது நம் இலக்கணம் அறிந்த உண்மை. நாய் என்னும் பெயர் மாறவில்லை. "கண்டான்" என்றால் "நாயை", "இட்டான்" என்றால் "நாய்க்கு", "ஓடினான்" என்றால் "நாயோடு". ஆங்கிலத்தில் அப்பண்புச்சொல்லே கொண்டு முடியும் சொல். ஆகவே "குட்" என்று ஒரு சொல்லாகக் கற்பித்தல் பயனற்றது. கணக்கிற் கெட்டிக்காரன் என்பதற்கு குட் அட். உடலுக்கு நல்லது என்பதற்கு குட் ஃபோர். ஏழைகளிடம் நல்லவர் என்பதற்கு குட் டூ. இவை மூன்றும் தனித்தனிச் சொற்கள் என்றே கொள்க. கணக்கிற் கெட்டிக்காரனை "குட் இன்" என்று நம் நாட்டிற் பலர் கூறுவதற்கு நம் ஏழாம் வேற்றுமையும் ஒரு காரணம் எனலாம்.

"சீனியர் தேன் மீ" என்று பழைய மாணவர் கூட்டங்களிலும் ஒலிக்கக் கேட்கின்றோம்! "என்னைக் காட்டிலும்" என்பதன் நேர் பெயர்ப்பு அது. சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் ஆகியவை இலத்தீன்வழி வந்த ஒப்பீட்டுச் சொற்கள். அவை "டூ"வையே ஏற்கும்.

இச்சிறு சொற்கள் பரீட்சை மதிப்பெண்ணை மட்டும் பாதிப்பன என்று எண்ணற்க. முப்பது ஆண்டு கொழுந்து பறித்து ஓய்வுபெறும் தாய்க்காக மகன் ஒரு கடிதம் எழுதுகின்றான் என்று வைத்துக்கொள்வோம். தாய்க்கு வரவேண்டிய சம்பள நிலுவை "டியூ டூ மை மதர்". அவ்விடத்தில் "ஃப்ரொம்" விழுந்தால் தாயே கடனாளி ஆகின்றாள்; வரவு பற்றாகின்றது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதிக்கு அவள் உரியவள். அது "எண்டைட்டில்ட் டூ". மகன் ஒரு வேலைக்குத் தகுதியுடையவன் எனின் அது "எலிஜிபிள் ஃபோர்". தமிழில் இரண்டிடத்தும் "கு" வருகின்றது. முன்னது உரிமை, பின்னது கருதப்படுவதற்கான தகுதி மட்டுமே. உரிமையைக் கேட்க வேண்டிய இடத்தில் தகுதியைச் சொல்லி நிற்பவனுக்கு இழப்பு உண்டு.

விடுமுறைக் கடிதத்தில் காய்ச்சலைக் குறிக்கச் "சிக் ஒவ்" என்று எழுதும் பிள்ளையையும் நகைத்தல் ஆகாது. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் அந்த வழக்கு உண்டு. இன்று நோய்க்கு "வித்" வருகின்றது. "சிக் ஒவ்" என்பது சலித்து வெறுத்தலைக் குறிக்கின்றது. டயர்டும் அவ்வாறே: வேலையாற் களைத்தால் "ஃப்ரொம்", வேலை சலித்தால் "ஒவ்". ஆங்கிலேயரும் எல்லாவற்றிலும் ஒருமைப்பட்டாரல்லர். டிஃபரன்ட் என்பதற்குப் பின் பிரித்தானியர் "டூ" என்பதும் அமெரிக்கர் "தேன்" என்பதும் உண்டு. மாணாக்கர் "ஃப்ரொம்" என்று எழுதினால் எங்கும் குறை சொல்வார் இல்லை.

எம் வகுப்பில் யாம் கையாளும் முறை எளிது. பண்புச்சொல்லைத் தனியே எழுத இடங்கொடுப்பதில்லை. கொப்பியில் இடப்பக்கம் சொல்லும் அதன் துணையும் சேர்ந்து நிற்கும்; வலப்பக்கம் தமிழ் வாக்கியமும், அதில் வந்த உருபின் எண்ணும். இரண்டும் ஒத்தால் பச்சைக் கோடு, ஒவ்வாதவிடத்துச் சிவப்பு. சிவப்புக் கோடிட்டவற்றை மட்டும் வாய்விட்டுப் படிக்கச் சொல்கின்றோம். நடுவில் ஒரு சிறு பத்தியை விட்டுச் சிங்களத்தையும் எழுதச் சொன்னால், நம் தோட்டத்துப் பிள்ளைகள் ஆசிரியரை முந்தி நிரப்பிவிடுகின்றனர்.