ஆற்றங்கரை ஊர்கள்: லண்டனில் போனது, நெல்லையில் நிற்கிறது

லண்டன் போகிற நம்மவர்கள் தேம்ஸ் மேல் வாட்டர்லூ பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் நிற்பது இரண்டாவது பாலம். ஜான் ரென்னி வடிவமைத்து 1817-இல் திறந்த முதல் பாலத்துக்குக் கருங்கல்லில் ஒன்பது வளைவுகள், ஒவ்வொன்றும் 120 அடி. நீரோட்டம் தூண்களின் அடியை அரித்து அரித்து, 1920-களில் பாலம் உட்காரத் தொடங்கியது. 1934-இல் இடிக்க ஆரம்பித்தார்கள்.

அதைப் பார்த்துக் கட்டியது என்று சொல்லப்படும் பாலம் திருநெல்வேலியில் இன்னும் பஸ்களைச் சுமக்கிறது. பெயர் சுலோச்சன முதலியார் பாலம். ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டைக்குத் தினமும் அதன்மேல் போய்வருகிறவர்களில் பாதிப் பேர் அதைப் பார்த்திருக்கமாட்டார்கள். மேலே போகிறவருக்கு அது வெறும் ரோடு. கொக்கிரகுளம் பக்கம் ஆற்றுக்குள் இறங்கி அண்ணாந்து பார்த்தால்தான் பதினோரு வளைவுகளும் தெரியும். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் இறங்கவேண்டும். ஊர்ச் சாக்கடை ஆற்றில் கலப்பதை யாரும் நிறுத்தியபாடில்லை.

1840-களின் தொடக்கம் வரை இக்கரைக்கும் அக்கரைக்கும் படகுதான். மழைக்காலத்தில் அதுவும் சந்தேகம். பாலம் வேண்டும் என்று நினைத்தவர் கலெக்டர் ஈ.பி. தாமஸ், கட்டியவர் கேப்டன் ஹார்ஸ்லி. ஊரில் வசூல் பண்ணிக் கட்டலாம் என்று பேச்சு நடக்க, கலெக்டர் ஆபீஸ் சிரஸ்தார் சுலோச்சன முதலியார் மொத்தச் செலவும் தன்னுடையது என்று ஏற்றுக்கொண்டார். சுமார் ஐம்பதாயிரம் ரூபாய். சொந்தக் காசில் கோயிலுக்கு மண்டபம் கட்டியவர்கள் நம்மிடம் ஏராளம். ரோட்டுக்குக் கொடுத்தவர் அபூர்வம். 1843 நவம்பரில் பாலம் திறந்தது. 1869 வெள்ளம் சில வளைவுகளைக் கொண்டுபோனது, திரும்பக் கட்டினார்கள். பிறகு அகலப்படுத்தினார்கள். இப்போது பக்கத்திலேயே புதுப் பாலமும் வந்துவிட்டது.

நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களையும் அந்தியில் திறக்கும் அல்வாக் கடையையும் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் குறுக்குத்துறைக்குப் போகச் சொல்வேன்.

அங்கே முருகன் கோயில் கரையில் இல்லை, ஆற்றுக்குள் இருக்கிறது. தண்ணீரைக் கிழிக்க வாகாக முன்பக்கம் படகு மூக்காகக் கூர்ந்திருக்கிறது என்பார்கள். வெள்ள எச்சரிக்கை வந்தால் உற்சவரையும் சாமான்களையும் கரையிலுள்ள மேலக்கோயிலுக்கு ஏற்றிவிடுவார்கள். மூலவர் பாறையில் செதுக்கியவர். அவர் எங்கேயும் போவதில்லை, முழுகியே இருப்பார். வடிந்ததும் மண்ணைக் கழுவிவிட்டுப் பூஜை.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தபோது இந்தக் கோயிலும் தண்ணீருக்குள் போனது. ரென்னி ஆற்றை எதிர்த்து நிற்கக் கட்டினார். குறுக்குத்துறையில் கட்டியவர்கள், ஆறு மேலே ஏறிப் போகும் என்று தெரிந்தே கட்டியிருக்கிறார்கள்.

அடுத்த வாரம் ஆற்றோடு கிழக்கே, ஆதிச்சநல்லூருக்கு.

(தொடரும்)