பசு மேயும் வயலில் 2 லட்சம் பேர்! பாட்டு முடிந்ததும் ஆணி பொறுக்கும் வேலை

இங்கிலாந்தின் தென்மேற்கே சாமர்செட் என்று ஒரு மாவட்டம். அதில் பில்டன் என்று ஒரு சிற்றூர். ஊர் ஓரத்தில் ஒரு மாட்டுப் பண்ணை. அதன் பெயர் "வொர்த்தி பண்ணை."

மற்ற நாட்களில் அங்கே பசுக்கள் மேயும். ஜூன் மாதக் கடைசியில் 5 நாட்கள் மட்டும் அந்த இடத்தை அடையாளம் தெரியாது. கண்ணுக்கு எட்டிய தூரம் கூடாரங்கள்! சுமார் 2 லட்சம் பேர்! மேடைக்கு மேடை பாட்டு! அதுதான் "கிளாஸ்டன்பரி" இசை விழா.

விழா முடிந்ததும் 2 லட்சம் பேரும் போய் விடுவார்கள். பசுக்கள் மறுபடியும் மேய வர வேண்டும். அதற்குள் நடக்கும் வேலை கொஞ்ச நஞ்சம் அல்ல.

இலவசப் பால்

பண்ணைக்காரர் பெயர் மைக்கேல் ஈவிஸ். வாலிப வயதில் கப்பலில் வேலை பார்த்தவர். அவருக்கு 19 வயதில் தகப்பனார் இறந்து விட்டார். 150 ஏக்கர் நிலமும் 60 பசுக்களும் கடனும் அவர் தலையில் விழுந்தன.

1970-ம் ஆண்டு செப்டம்பரில் தன் வயலிலேயே ஒரு கச்சேரி வைத்தார். டிக்கெட் 1 பவுண்டு. வந்தவர்களுக்குப் பால் இலவசம்! சுமார் 1,500 பேர் வந்தார்கள். அவர்கள் போட்ட குப்பையை வீட்டு ஆட்களே கூட்டி எடுத்திருக்கலாம். 2 லட்சம் பேர் என்றால்?

வயிற்றில் ஆணி

கூடாரம் அடிக்க இரும்பு ஆணி வேண்டும். கூடாரத்தைப் பிரிக்கும்போது ஒன்றிரண்டு ஆணி மண்ணிலேயே தங்கி விடும். மனிதனுக்கு அது சிறு விஷயம். பசுவுக்கு அது எமன்.

பசு மேய்வதைப் பார்த்திருப்பீர்கள். நாக்கால் புல்லை வளைத்து இழுக்கும். மெல்லாமல் விழுங்கும். பிறகு படுத்துக்கொண்டு அசை போடும். புல்லோடு ஆணி சேர்ந்து வந்தால் அதற்குத் தெரியாது. ஆணி உள்ளே போய் இரைப்பையில் தங்கும். இரைப்பைச் சுவரைக் குத்தும். அந்த இடத்துக்கு மிக அருகில்தான் இதயம் இருக்கிறது. குத்து அதுவரை போனால் பசு பிழைப்பது கடினம்.

அதனால் விழா முடிந்த மறுநாளே வேலை தொடங்குகிறது. ஆட்கள் வரிசையாக நின்று வயலில் நடக்கிறார்கள். சிகரெட் துண்டு, பாட்டில் மூடி, கயிறு, எதையும் விடுவதில்லை. கையால் பொறுக்குகிறார்கள். பின்னால் காந்தம் கட்டிய வண்டி வருகிறது. புல்லுக்குள் ஒளிந்த ஆணி காந்தத்தில் வந்து ஒட்டிக்கொள்கிறது! முழுவதும் சுத்தமாகப் பல வாரங்கள் ஆகும்.

முன்பெல்லாம் கூடாரத்தையே விட்டு விட்டுப் போனவர்கள் ஏராளம். "கூடாரத்தை வீட்டுக்கு எடுத்துப் போங்கள்" என்று விழாக்காரர்கள் வருடா வருடம் கெஞ்சினார்கள். 2019-ல் நூற்றுக்கு 99 கூடாரங்களுக்கு மேல் வீட்டுக்குப் போய் விட்டதாக அறிவித்தார்கள்.

13 லட்சம் பாட்டில்

2017-ம் ஆண்டு விழாவில் காலியான பிளாஸ்டிக் பாட்டில்கள் 13 லட்சம்! 2019-ல் ஒரே முடிவாக பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர், பானம் விற்பதை நிறுத்தி விட்டார்கள். அதற்குப் பதிலாக நூற்றுக்கணக்கான குடிநீர்க் குழாய்கள். வீட்டிலிருந்து பாட்டில் கொண்டு வந்து நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான். காசு கிடையாது.

அந்த ஆண்டு விழா மேடையில் ஒரு கிழவர் ஏறினார். கூட்டம் ஆரவாரம் செய்தது. அவர் பாடகர் அல்ல. விலங்குகளைப் பற்றிப் படம் எடுத்துப் புகழ் பெற்ற டேவிட் அட்டன்பரோ. அப்போது அவருக்கு வயது 93. பிளாஸ்டிக்கை ஒதுக்கியதற்காகக் கூட்டத்துக்கு நன்றி சொன்னார்.

ஆற்றில் போதை

குப்பையாவது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அது சிறுநீர்.

பண்ணை வழியாக ஒயிட்லேக் என்ற சிற்றாறு ஓடுகிறது. விழாவில் ஆயிரக்கணக்கான கழிப்பிடங்கள் இருக்கின்றன. ஆனாலும் வரிசையில் நிற்கப் பொறுமை இல்லாதவர்கள் எல்லா ஊரிலும் உண்டு அல்லவா? வேலி ஓரத்தில் ஒதுங்கி விடுகிறார்கள். அது மண்ணில் ஊறி ஆற்றுக்குப் போகிறது. ஒருவர் இருவர் என்றால் ஆறு தாங்கும். ஆயிரக்கணக்கில் என்றால் மீன் சாகும்.

பேங்கர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2019 விழாவின்போது அந்த ஆற்று நீரைச் சோதித்தார்கள். 2021-ல் முடிவு வெளிவந்தது. தண்ணீரில் போதை மருந்து! விழாவில் மாத்திரை விழுங்கியவர்களின் சிறுநீர் வழியாக வந்தது. விழா முடிந்த அடுத்த வாரம் அளவு மேலும் கூடியிருந்தது. அங்கே வாழும் விலாங்கு மீனுக்கு இது கெடுதல் செய்யக்கூடும் என்றார்கள். ஐரோப்பிய விலாங்கு ஏற்கனவே அழிந்துகொண்டு வரும் இனம். முட்டையிட அட்லாண்டிக் கடலையே கடந்து போகும் மீன் அது. ஒரு பாட்டுக் கூட்டத்தின் ஓரத்தில் மடிவதா?

அதே சிறுநீரை வைத்து ஒரு வேடிக்கையும் நடந்தது. 2015-ல் பிரிஸ்டல் நகர விஞ்ஞானிகள் விழாவில் ஒரு கழிப்பிடம் அமைத்தார்கள். சிறுநீரைத் தின்னும் நுண்ணுயிர்கள் மின்சாரம் உண்டாக்கின. கழிப்பிடத்தின் விளக்குகள் அதில் எரிந்தன!

மின்சாரத்தில் நல்ல முன்னேற்றம்தான். 2010-ல் மாட்டுக் கொட்டகைக் கூரையில் சூரிய ஒளித் தகடுகள் பதித்தார்கள். 2023-ல் மின் எந்திரங்களுக்கு டீசல் ஊற்றவில்லை. சமைத்து மீந்த எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளே ஓடியது.

மிச்சம் இருப்பது கார். இவ்வளவு பாடுபட்டாலும் ஜனங்கள் வந்து போகும் வண்டிப் புகைதான் இத்தகைய விழாக்களின் பெரிய தொல்லை. பஸ்ஸில் வருகிறவர்களுக்கு என்று தனியாக டிக்கெட் ஒதுக்குகிறார்கள். சொந்தக் காரில் வருகிறவர்கள் இன்னும் நிறைய. இதில் விழாக்காரர்கள் கை அவ்வளவாக ஓங்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு ஒரு முறை விழாவே கிடையாது! 2006, 2012, 2018 ஆண்டுகளில் நிலத்துக்கு ஓய்வு கொடுத்தார்கள். 2 லட்சம் ஜோடிக் கால்கள் மிதித்தால் மண் இறுகிப் போகும். வேருக்குக் காற்று போகாது. 2026-ம் ஆண்டும் ஓய்வு என்று முன்கூட்டியே அறிவித்து விட்டார்கள். டிக்கெட் விற்பனை இல்லை, மேடை இல்லை. ஜூன் மாதப் புல் முழுவதும் பசுக்களுக்குத்தான்.