தத்துப் பிள்ளையும் குடியுரிமைத் தாளும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

பெற்ற பிள்ளை, வளர்த்த பிள்ளை என்னும் வேற்றுமை அன்புக்கு இல்லை. நாட்டு எல்லைக்கு மட்டும் அந்த வேற்றுமை உண்டு. ஒரு நாட்டில் பிறந்த குழந்தையை மற்றொரு நாட்டவர் தத்தெடுக்கும்போது, பெற்றோர் என்னும் உறவைத் தருவது ஒரு சட்டம். அந்நாட்டுக்குள் நுழையும் உரிமையைத் தருவது மற்றொரு சட்டம். குடியுரிமையைத் தருவது மூன்றாவது சட்டம். இம்மூன்றையும் ஒன்றென எண்ணியதால் நேர்ந்த துன்பங்கள் பல. இந்தியக் குழந்தைகள் பலர் தத்துச் சென்றுள்ள அமெரிக்க ஐக்கிய நாட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உடன்படிக்கை தோன்றிய வரலாறு

வெளிநாட்டுக்குத் தத்துச் செல்லும் குழந்தை விலைப்பொருளாகிவிடக் கூடாது என்னும் அச்சம் நம் நாட்டில் முன்னரே எழுந்தது. வழக்கறிஞர் லட்சுமி காந்த் பாண்டே எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்ற உச்ச நீதிமன்றம், 1984-இல் இதற்கான நெறிமுறைகளை வகுத்தது. பின்னர் 1990-இல் மத்திய தத்தெடுப்பு வள ஆணையம் அமைந்தது. ‘காரா’ என்று சுருக்கமாக வழங்குவது இதுவே. உலக அளவில் 1993 மே 29-இல் ஹேக் உடன்படிக்கை உருவாயிற்று. இந்தியா 2003-இல் இதனை ஏற்றது. அமெரிக்காவில் 2008 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது.

படிகள் யாவை?

இந்தியக் குழந்தையைத் தத்தெடுக்க விரும்பும் அமெரிக்கத் தம்பதியர் முதலில் தம் தகுதியை மெய்ப்பிக்க வேண்டும். சமூகப் பணியாளர் ஒருவர் அவர்கள் இல்லத்திற்குச் சென்று வருமானம், உடல்நலம், குடும்பச் சூழல் ஆகியவற்றை ஆராய்ந்து அறிக்கை தருவார். அதனுடன் ஐ-800ஏ என்னும் படிவத்தைக் குடிவரவுத் துறைக்கு அனுப்ப வேண்டும். கைரேகைச் சோதனையும் உண்டு. இங்கே ஆராயப்படுபவர்கள் பெற்றோரே.

தகுதி ஏற்கப்பட்ட பின், காரா வழியாகக் குழந்தை குறிக்கப்படும். அப்போது அக்குழந்தையின் பெயரால் ஐ-800 என்னும் இரண்டாம் படிவத்தை அளிக்க வேண்டும். இது தற்காலிகமாக ஏற்கப்பட்ட பின், அமெரிக்கத் தூதரகம் ‘இக்குழந்தை எம் நாட்டுக்குள் வரத் தடையில்லை’ என்னும் பொருளில் ஒரு கடிதம் தரும். அதற்குப் பிறகே இந்தியாவில் தத்து ஆணை பெறுதல் முறை. இந்த வரிசை மிக முக்கியமானது. அவசரத்தால் தத்தை முன்னே முடித்துவிட்டால், பிள்ளை பெற்றோருடையது ஆகிவிடும்; ஆனால் விசா கிடைக்காமல் பிறந்த நாட்டிலேயே தங்க நேரிடும்.

தத்து ஆணையை முன்பு நீதிமன்றம் வழங்கியது. 2022 செப்டம்பர் முதல் அப்பொறுப்பு மாவட்ட ஆட்சியரிடம் வந்துள்ளது. ஆணைக்குப் பின் ஹேக் உடன்படிக்கைச் சான்று, இந்தியப் பாஸ்போர்ட், மருத்துவப் பரிசோதனை, விசா என்று ஒவ்வொன்றாகத் தொடரும். எல்லாத் தாள்களிலும் பெயரின் எழுத்தும் பிறந்த தேதியும் ஒத்திருக்க வேண்டும். கண்டெடுக்கப்பட்ட குழந்தைக்குப் பிறந்த தேதியே மதிப்பீடுதான். பள்ளியில் சேர்த்த அன்று ஆசிரியர் எழுதியதே என் தந்தையாரின் பிறந்த தேதி. அவ்வாறு எழுதப்பட்ட ஒரு தேதி வாழ்நாள் முழுவதும் கூடவே வருவதை நம்மில் பலர் அறிவோம்.

மூன்றும் நான்கும்

விசாவில் இரு வகை உண்டு. தத்து இந்தியாவிலேயே முழுமையாக முடிந்திருந்தால் ஐ.எச்-3, காப்பாளர் உரிமை மட்டும் பெற்று, தத்தை அமெரிக்காவில் முடிக்க வேண்டியிருந்தால் ஐ.எச்-4. ஓர் எண்தான் வேறுபாடு, விளைவோ பெரிது.

ஐ.எச்-3 விசாவில் வரும் 18 வயது நிறையாத குழந்தை, குடியுரிமை உள்ள பெற்றோருடன் அங்கு வாழ வந்து இறங்கியதுமே அந்நாட்டுக் குடிமகன் ஆகிறது. குடியுரிமைச் சான்றிதழும் விண்ணப்பமின்றியே அஞ்சலில் வரும். ஐ.எச்-4 குழந்தை நிரந்தரக் குடியிருப்பாளராகவே நுழைகிறது. அதற்குக் கிரீன் கார்டு மட்டுமே உண்டு. 18 வயதுக்குள் அங்குள்ள மாநில நீதிமன்றத்தில் தத்தை முடித்தால்தான் குடியுரிமை வரும். சான்றிதழ் வேண்டின் என்-600 என்னும் படிவத்தைத் தனியே அளிக்க வேண்டும்.

முற்காலத்தில் இந்தியாவிலிருந்து சென்ற குழந்தைகள் பெரும்பாலும் 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின்கீழ் அனுப்பப்பட்டவர்கள். ஆதலின் தத்து என்னும் சடங்கே அவர்களுக்குக் கடல் கடந்த பிறகுதான் நடைபெற வேண்டியிருந்தது.

விடுபட்டவர்கள்

தானாகக் குடியுரிமை வரும் இவ்வழி 2000-ஆம் ஆண்டின் குழந்தைக் குடியுரிமைச் சட்டத்தால் பிறந்தது. அது 2001 பிப்ரவரி 27-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பெற்றோர் தனியே விண்ணப்பித்தாலன்றிக் குடியுரிமை இல்லை. பலர் விண்ணப்பிக்கவில்லை. தத்து முடிந்ததும் எல்லாம் முடிந்தது என நம்பினர். புதிய சட்டமோ அந்நாளில் 18 வயது நிறைந்திருந்தவரைச் சேர்க்கவில்லை.

இதன் விளைவு யாது? கைக்குழந்தையாகச் சென்று, ஆங்கிலம் மட்டுமே பேசி, வரி செலுத்தி வாழ்ந்தவர்கள், நடுவயதில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போது தாம் குடிமகன் அல்லர் என்று அறிகின்றனர். குற்ற வழக்கில் தண்டனை பெற்றால் நாடு கடத்தப்படவும் நேர்கிறது. கொரியாவிலிருந்து தத்துச் சென்ற சிலர், மொழியும் உறவும் அறியாத அந்நாட்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டனர். இந்தியாவில் பிறந்த ஒரு பெண்ணின் வழக்கில், சட்டம் வந்த நாளில் அவர் 18 வயதைச் சில மாதங்கள் கடந்திருந்ததால், 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு உதவ இயலவில்லை. இக்குறையை நீக்க 2015 முதல் அந்நாட்டுப் பேராயத்தில் பலமுறை மசோதாக்கள் வந்தன. 2024 முடிய எதுவும் சட்டமாகவில்லை.

பெற்றோர் கடமை

ஆகவே குழந்தை வீடு வந்து சேர்ந்த பின்னரும் பெற்றோருக்குப் பணி எஞ்சியுள்ளது. விசாவின் வகையைப் பார்த்தல், தேவையாயின் தத்தை நீதிமன்றத்தில் முடித்தல், குடியுரிமைச் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் பெறுதல், சமூகப் பாதுகாப்பு அலுவலகப் பதிவில் ‘குடிமகன்’ என மாற்றுதல், தத்து ஆணையின் மூலப்படியைப் பாதுகாத்தல் ஆகியவை அவை. இந்தியாவிலிருந்து தத்தெடுத்தவராயின் இரண்டாண்டுக் காலம் குழந்தையின் நலம் குறித்த அறிக்கைகள் காராவுக்குச் செல்லவும் வேண்டும்.

முதல் பட்டதாரிச் சான்றுக்காக வரிசையில் நின்ற நம்மில் பலருக்குத் தாளின் வலிமை தெரியும். வீட்டுக்கு வரும் அரசாங்கக் கடிதத்தைப் படித்துப் பொருள் சொல்பவரும் நாமே. நமக்குப் படிக்கத் தெரியும், விண்ணப்பிக்க முடியும். தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு அவ்விரண்டும் இயலா. அதற்காகப் பெரியவர் ஒருவர் உரிய காலத்தில் கையெழுத்திட வேண்டும். அந்த ஒரு கையெழுத்து விடுபட்டால், நாற்பது ஆண்டுகள் கழித்து அதன் கடனை அடைப்பது அக்குழந்தையே. வளர்ப்பவரின் அன்பு முழுமை பெறுவது தொட்டிலோடு அன்று. குடியுரிமைச் சான்றிதழைப் பிள்ளையின் கையில் கொடுக்கும் நாளிலேயாம்.