ஈட்டி, சைக்கிள், போல் வால்ட் கம்பு: ரயில்ல எதை எப்படி ஏத்துறது?

இந்த எபிசோட்ல பேசுனதைக் கொஞ்சம் சுருக்கி, ஒழுங்குபடுத்திப் போட்டிருக்கோம்.

திருவண்ணாமலையில இருந்து, காலேஜ் முதல் வருஷம் படிக்கிற ஒரு தங்கச்சி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. "அண்ணா, என் ஈவென்ட் போல் வால்ட். மீட் பாதி வெளி மாநிலத்துலதான் நடக்குது. என் கம்பு நாலு மீட்டர். அதை ரயில்ல கொண்டு போனா நடுவழியில இறக்கி விட்டுருவாங்கன்னு அப்பா பயப்படுறாரு. நிஜமாவே இறக்கி விடுவாங்களா?"

உங்க அப்பா பயப்படுறதுல நியாயம் இருக்கும்மா. 2026 ஜனவரியில அப்படித்தான் நடந்தது. தேசிய சாதனை படைச்ச போல் வால்ட் வீரர் தேவ் மீனாவும், அவரோட வந்த குல்தீப் யாதவும் மங்களூர்ல பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான தடகளப் போட்டியை முடிச்சிட்டு போபால் திரும்பிக்கிட்டு இருந்தாங்க. பன்வேல் ஸ்டேஷன்ல டிடிஇ அவங்களை இறக்கி விட்டாரு. காரணம், கையில இருந்த கம்புகள். மணிக்கணக்கா பிளாட்பாரத்துல காத்திருந்து, பணம் கட்டி, அப்புறம்தான் வேற ரயில்ல ஏற முடிஞ்சது. நாட்டுக்கே அந்த ஈவென்ட்ல முதல் ஆளுக்கு இதுன்னா, மாவட்ட அளவுல ஆடுற ஒரு பொண்ணுக்கு என்ன பாதுகாப்பு?

அந்தச் செய்தி வந்தப்போ எல்லாரும் டிடிஇயைத் திட்டினாங்க. எனக்கும் கோபம் வந்தது. ஆனா விதியை எடுத்துப் படிச்சுப் பார்த்தா, பிரச்சினை ஒரு ஆளோட குணத்துல மட்டும் இல்லன்னு தெரியும். விதியிலயே ஒரு ஓட்டை இருக்கு.

எடைக் கணக்கு பலருக்கும் தெரிஞ்சிருக்கும். இலவசமா கொண்டு போற அளவு ஃபர்ஸ்ட் ஏசியில 70 கிலோ, செகண்ட் ஏசியில 50, தேர்ட் ஏசியிலயும் ஸ்லீப்பர்லயும் 40, செகண்ட் கிளாஸ்ல 35. விளையாட்டுச் சாமான் எதுவும் இந்த எடையில மாட்டாது. ஒரு போல் வால்ட் கம்பு ரெண்டு மூணு கிலோதான் இருக்கும். ஆண்களுக்கான ஈட்டி 800 கிராம். நல்ல ரோட் பைக் பத்து கிலோ சுத்துவட்டாரம்.

மாட்டுறது எல்லாம் அளவுலதான். பெட்டிக்குள்ள கொண்டு வர்ற டிரங்க், சூட்கேஸ், பாக்ஸ் எல்லாம் 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரத்துக்குள்ள இருக்கணும். தேர்ட் ஏசியிலயும் சேர் கார்லயும் இன்னும் குறைவு: 55, 45, 22.5. இதுக்கு மேல இருந்தா புக் பண்ணி பிரேக் வேன்ல ஏத்தணும். நம்ம பேச்சுல, லக்கேஜ் வேன்.

இந்த எண்களை வச்சு நம்ம சாமான் ஒண்ணொண்ணையும் சோதிச்சுப் பார்க்கலாம். எனக்குப் பிடிச்ச விளையாட்டே இதான்.

கிரிக்கெட் மட்டை: விதிப்படி அதிகபட்ச நீளம் 38 அங்குலம், அதாவது 96.5 செ.மீ. ஸ்லீப்பர்ல பாஸ். தேர்ட் ஏசியில 55 செ.மீ. எல்லையை எழுத்துக்கு எழுத்து படிச்சா ஃபெயில்! ஆனா மட்டையோட ஏசியில ஏறினவனை யாராவது இறக்கி விட்டுப் பார்த்திருக்கீங்களா? கேரம் போர்டு: ஆடுற பரப்பு மட்டுமே 74 செ.மீ. சதுரம், அதனால 60ஐத் தாண்டிடும். சிலம்பக் கம்பு: ஆளோட உயரத்தைப் பொறுத்தது, அஞ்சரை அடின்னு வச்சுக்கிட்டா சுமார் 168 செ.மீ. தமிழ்நாட்டுல 2024 ஜனவரியில நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில சிலம்பம் காட்சி விளையாட்டா இடம்பிடிச்சது. ரயில்வே அளவுகோல்ல அதுக்கு இடம் இல்ல.

சைக்கிள் கதை இன்னும் சுவாரசியம். ரோட் பைக் சக்கரத்தோட ரிம் அளவு 622 மி.மீ. டயரே இல்லாம 62 செ.மீ. ஆயிடுது. நீங்க எப்படிக் கழட்டி, எவ்வளவு கச்சிதமா பையில போட்டாலும் அந்த ஒத்தைச் சக்கரம் 60 செ.மீ. அகலத்துக்குள்ள வராது. சரி, மடக்குற சைக்கிள் வாங்கலாம்னா, அதுல பேர் போன பிராம்ப்டன் மடக்கினா சுமார் 64.5, 58.5, 27 செ.மீ. வரும். உயரத்துல 2 செ.மீ. கூடுதல். லட்சக்கணக்குல செலவு பண்ணியும் ரெண்டு சென்டிமீட்டர்ல அவுட்.

ஜப்பான்ல இதை வேற மாதிரி எழுதியிருக்காங்க. மூணு பக்கத்தோட கூட்டுத்தொகை 250 செ.மீ.க்குள்ள, எடை 30 கிலோவுக்குள்ள இருந்தா உள்ள கொண்டு போகலாம். சைக்கிளைக் கழட்டி முழுசா மூடுற பையில போட்டா அதுவும் ஒரு லக்கேஜ்தான். அதுக்கு 'ரிங்கோ'ன்னு பேரே இருக்கு. நம்ம 100, 60, 25ஐக் கூட்டினா 185 வருது. பிராம்ப்டனைக் கூட்டினா 150தான். கூட்டுத்தொகையா வச்சிருந்தா அது சுலபமா பாஸ் ஆகியிருக்கும். கோடு எழுதுறவங்களுக்குப் புரியும்: ஒரே ஒரு கண்டிஷனை மாத்தி எழுதினா பாதி பக் காணாமப் போயிடும்.

இப்போ ஓட்டைக்கு வர்றேன். நம்ம விதி பேசுறது டிரங்க், சூட்கேஸ், பாக்ஸ் பத்தி. நீளமா, ஒல்லியா, மடக்க முடியாம இருக்குற ஒரு கம்பைப் பத்தி யோசிச்சு எழுதின வரி அதுல இல்ல. அதனால என்ன ஆகுதுன்னா, எல்லாம் எதிர்ல நிக்கிற டிடிஇயோட மனசைப் பொறுத்ததா ஆயிடுது. பத்து டிடிஇ "ஸ்போர்ட்ஸா? ஓரமா வச்சுக்கோம்மா"ன்னு சொல்லிட்டுப் போவாரு. பதினோராவது ஆள் புக் பண்ணாத லக்கேஜ்னு எழுதுவாரு. முன்கூட்டியே புக் பண்ணினா கூடுதல் எடைக்கு லக்கேஜ் ரேட்டோட ஒன்றரை மடங்கு. புக் பண்ணாம பிடிபட்டா ஆறு மடங்கு.

"அப்போ புக் பண்ணிட்டே போயிடலாமே"ன்னு தோணும். பாதி பேருக்கு அதுதான் சரியான வழி. குறிப்பா சைக்கிளுக்கு. ஸ்டேஷன்ல பார்சல் ஆபீஸ் இருக்கும். உங்க டிக்கெட்டைக் காட்டி, 'லக்கேஜ்'னு புக் பண்ணச் சொல்லுங்க. 'பார்சல்'னு போட்டா அது வேற கணக்கு, நீங்க போற ரயில்லயே வரும்னு உறுதி கிடையாது. பேர், போன் நம்பர், பிஎன்ஆர், எங்கிருந்து எங்கங்கிறதை ரெண்டு பக்கமும் எழுதி ஒட்டுங்க. ஸ்டிக்கர் உரிஞ்சிடும், அதனால ஒரு அட்டையில எழுதிக் கயித்துல கட்டுங்க. ரயில் கிளம்ப அரை மணி நேரத்துக்கு முன்னாடி கொண்டு வந்தாப் போதும்னு விதி சொல்லுது. ரெண்டு மணி நேரம் முன்னாடி போங்கன்னு நான் சொல்றேன்.

ஆனா போல் வால்ட்காரங்களுக்கு இங்கதான் சிக்கல். புக் பண்ணின சாமான் தொலைஞ்சா, உடைஞ்சா ரயில்வே எவ்வளவு தரும்? 1989 ரயில்வே சட்டத்துல ரெண்டு பிரிவு முக்கியம். 100ஆவது பிரிவு: நீங்க கையோட கொண்டு போற, ரசீது இல்லாத சாமானுக்கு ரயில்வே பொறுப்பில்ல, அவங்க பக்கத்து அலட்சியம்னு நீங்க நிரூபிச்சாத்தான் உண்டு. 103ஆவது பிரிவு: புக் பண்ணின சாமானுக்கும், மதிப்பை முன்னாடியே அறிவிச்சு அதுக்கான சதவீதக் கட்டணம் கட்டலைன்னா, இழப்பீட்டுக்கு உச்சவரம்பு உண்டு. 1990ல வந்த விதிப்படி லக்கேஜுக்கு அது கிலோவுக்கு 100 ரூபாய்.

இதை ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்க. பத்து கிலோ சைக்கிள், 1,000 ரூபாய். மூணு கிலோ கம்பு, 300 ரூபாய். ஈட்டிக்கு வெறும் 80 ரூபாய்! இறக்குமதி பண்ணின ஒரு கம்போட விலை பல பத்தாயிரம் ரூபாய். பல பிள்ளைங்களுக்கு அது கடன் வாங்கி வாங்கினது, இல்லன்னா சீனியர்கிட்ட இரவல் வாங்கினது. எடை குறைவா, விலை அதிகமா இருக்குற பொருளுக்கு கிலோ கணக்கு இழப்பீடுங்கிறது அநியாயம்தான். அதனால புக் பண்ணுறப்போ மதிப்பை அறிவிக்கணும்னு வாய் விட்டுக் கேளுங்க. கவுன்ட்டர்ல தானா யாரும் சொல்ல மாட்டாங்க. சேதமானா ஆறு மாசத்துக்குள்ள எழுத்துல கிளெய்ம் கொடுக்கணும். ஏத்துறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ எடுத்து வச்சிடுங்க.

விலையை விட்டாலும், "வேற கம்பு வாங்கித் தாண்டிக்கலாமே"ன்னு விட முடியாது. ஓடி வர்ற வேகத்தைக் கம்பு வளைஞ்சு வாங்கி வச்சுக்கிட்டு, நிமிர்றப்போ ஆளை மேல தூக்கி விடும். வளையிற அளவு உங்க எடைக்கும் வேகத்துக்கும் பொருந்தணும். அதனால ஒவ்வொருத்தரும் தனக்குன்னு மூணு நாலு கம்பு வச்சிருப்பாங்க, உயரம் ஏற ஏற கடினமான கம்புக்கு மாறுவாங்க. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ல பிரேசில் வீராங்கனை ஃபாபியானா முரேரோட ஒரு கம்பு இறுதிப் போட்டி நடந்துக்கிட்டு இருக்கும்போதே காணாமப் போச்சு. மைதானத்துல தேடி அலைஞ்சாங்க, போட்டி கைவிட்டுப் போச்சு. உலகத் தரத்து ஆளுக்கே அப்படி. தமிழ்நாட்டுக்கு இது சம்பந்தமில்லாத ஈவென்ட்டும் இல்ல. 2022 காந்திநகர் தேசிய விளையாட்டுல ரோசி மீனா 4.20 மீட்டர் தாண்டி உடைச்ச 4.15 மீட்டர் சாதனை, 2014ல இன்னொரு தமிழ்நாட்டுப் பொண்ணு சுரேகா வச்சது.

இனி திருவண்ணாமலைக்கு வருவோம். விழுப்புரம் - காட்பாடி பாதையில இருக்குற ஊர். ராமேஸ்வரம் - திருப்பதி எக்ஸ்பிரஸ், மன்னார்குடி - திருப்பதி பாமணி, புதுச்சேரி - தாதர் சாளுக்கியா எல்லாம் இந்த வழிதான். நடுவழி ஸ்டேஷன்ல ரயில் நிக்கிறதே கொஞ்ச நேரம். அந்த நேரத்துல லக்கேஜ் வேனைத் திறந்து, நாலு மீட்டர் பொட்டலத்தைத் திருப்பி உள்ள விடுறது நடக்கிற காரியமான்னு யோசிங்க. எல்லா ஸ்டேஷன்லயும் எல்லா ரயிலுக்கும் சாமான் ஏத்துறதும் இல்ல. அதனால மூணு நாள் முன்னாடியே பார்சல் ஆபீஸ்ல நேர்ல போய், "இந்த ரயில்ல, இந்தத் தேதிக்கு, இந்த நீளத்துல சாமான் ஏத்துவீங்களா"ன்னு கேளுங்க. இல்லன்னு சொன்னா காட்பாடி போயிடுங்க. பெரிய ஜங்ஷன், ரயிலும் அதிகம். இல்லன்னா ரயில் கிளம்புற ஊர்லயே ஏறுங்க. அங்க ரயில் முன்னாடியே பிளாட்பாரத்துக்கு வந்துடும், ஏத்த நேரம் இருக்கும்.

ஜவ்வாது மலையில ஜமுனாமரத்தூர் ஏறணும்னு சென்னையில இருந்து சைக்கிளோட வர்ற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. 2024 மே மாசத்துல இருந்து சென்னை கடற்கரை - திருவண்ணாமலை நேரடி ரயில் ஓடுது. ஆனா அது மெமு. எக்ஸ்பிரஸ் மாதிரி லக்கேஜ் வேன்ல புக் பண்ணி ஏத்தலாம்னு நம்பி ஸ்டேஷனுக்கு வராதீங்க. பௌர்ணமி, கார்த்திகை தீபம் பக்கம் வேணவே வேணாம். கிரிவலத்துக்கு வர்ற கூட்டத்துக்கு நடுவுல கால் வைக்கவே இடம் இருக்காது, உங்க டிரெயிலர் பேகுக்கு யாரு இடம் விடுவா?

கம்பைக் கையோட கொண்டு போறதுன்னு முடிவு பண்ணினா, முதல் வேலை பேப்பர். போட்டி அழைப்பு, காலேஜ் அல்லது தடகளச் சங்கத்தோட லெட்டர், அதுல 'கழட்ட முடியாத விளையாட்டு உபகரணம், நீளம் இவ்வளவு, எடை இவ்வளவு'ன்னு தெளிவா ஒரு வரி. ஏறினதும் நீங்களே டிடிஇயைத் தேடிப் போய்க் காட்டுங்க. அவரு கண்டுபிடிச்சுக் கேக்குறதுக்கும், நீங்க போய்ச் சொல்றதுக்கும் வித்தியாசம் இருக்கு. இதனால அனுமதி உறுதின்னு சொல்ல மாட்டேன், வாய்ப்பு கூடும். ஸ்லீப்பர்லயே போங்க, குழுவா ஒரே பேல புக் பண்ணுங்க. கம்பை நடைபாதைக்குக் குறுக்க வைக்காம, கீழ் பெர்த்துக்கு அடியில நீளவாக்குல வையுங்க. முனை வெளிய நீட்டினா துணி சுத்துங்க. ராத்திரி பாத்ரூம் போற பெரியவர் தடுக்கி விழுந்தா, அன்னைக்கு டிடிஇ செய்றது நியாயம்.

ஜன்னல் கம்பிக்கு வெளிப்பக்கம் கட்டுற யோசனை யாராவது சொன்னா கேக்காதீங்க. எதிர்ல வர்ற ரயில், சிக்னல் கம்பம், பிளாட்பார ஓரத்துல நிக்கிற ஆளுங்க.

கடைசியா ஒண்ணு, இதை மட்டும் மறந்துடாதீங்க. இந்தப் பாதை மின்மயமானது. தண்டவாளத்துக்கு மேல சுமார் 5.5 மீட்டர்ல 25,000 வோல்ட் கம்பி ஓடுது. பிளாட்பாரமே தண்டவாளத்தைவிட முக்கால் மீட்டருக்கு மேல உசரம். அதுல நின்னு நாலு மீட்டர் கம்பைத் தோள் உயரத்துல நேரா நிமிர்த்திப் பிடிச்சா முனை எங்க போகும்னு நீங்களே கூட்டிப் பாருங்க. தொடணும்னு கூட அவசியமில்ல. மின்கம்பிக்கு ரெண்டு மீட்டருக்குள்ள எதுவும் போகக் கூடாதுங்கிறது ரயில்வேயோட பாதுகாப்பு அளவு. கம்புல கார்பன் கலந்திருந்தா அதுல மின்சாரம் பாயும். அதனால ஸ்டேஷனுக்குள்ள நுழைஞ்சதுல இருந்து வெளிய வர்ற வரைக்கும் கம்பு படுக்கை வாட்டத்துலதான் இருக்கணும், முன்னாடி ஒருத்தர், பின்னாடி ஒருத்தர். ஃபுட் ஓவர் பிரிட்ஜ்ல திரும்புற இடத்துலயும் நிமிர்த்தக் கூடாது. திரும்ப முடியலைன்னா முதல் பிளாட்பாரத்துக்கு வர்ற ரயிலாப் பார்த்து டிக்கெட் போடுங்க.