சும்மா சூடாகும் ரெசிஸ்டர்

பழைய கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மேஜை பவர் சப்ளையாக மாற்றிக்கொள்வது எலெக்ட்ரானிக்ஸ் பழகுகிறவர்களின் நெடுநாள் வழக்கம். பச்சை ஒயரைக் கறுப்போடு சேர்த்தால் ஃபேன் சுற்றும். மஞ்சளில் 12 வோல்ட், சிவப்பில் 5 வோல்ட். ஆனால் மஞ்சளில் கார் பல்பு ஒன்றை மாட்டியதும் மீட்டர் 11-க்கும் கீழே சரியலாம். சில பெட்டிகள் ஒரு நொடி ஓடி அணைந்தே போகும். இதற்குக் கைகண்ட வைத்தியம், சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர். அது ஒரு வேலையும் செய்யாது, சூடாகும், அவ்வளவுதான்.

பழைய பெட்டிகளில் 12, 5 இரண்டும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரின் வெவ்வேறு சுற்றுகளிலிருந்து வருபவை. டிஎல்494 போன்ற ஒரே சிப்தான் மின்துடிப்பின் அகலத்தைத் தீர்மானிக்கும். அதன் கண் பெரும்பாலும் 5 வோல்ட் மேல். அங்கே கரண்ட் இழுக்க யாரும் இல்லாவிட்டால் துடிப்பை ஒடுக்கிவிடும். 12 வோல்ட்டுக்கும் அதே ஒடுங்கிய துடிப்புதான் கிடைக்கும். பல்பு அதற்குள் அடங்காது. சிவப்பில் சுமை ஏறியதும் துடிப்பு அகலும், மஞ்சளும் நிமிரும்.

10 ஓம் போட்டால் அரை ஆம்பியர் ஓடும், 2.5 வாட் வெப்பம். கால் வாட் ரெசிஸ்டர் கருகிவிடும். 10 வாட் வெள்ளை சிமென்ட் ரெசிஸ்டரை ஃபேன் காற்று படும்படி வையுங்கள். அதுவே கை பொறுக்காத அளவு சுடும். 12-இலிருந்தே 5 வோல்ட்டைத் தனியாக உருவாக்கிக்கொள்ளும் புது மாடல்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

எல்எம்317 ரெகுலேட்டருக்கும் இப்படி ஒரு சும்மாச் சுமை வேண்டும், ஆனால் அதன் கதை வேறு. அதற்கு கிரவுண்ட் கால் கிடையாது. சிப் தன் உள்வேலைக்கு எடுக்கும் கரண்ட்டும் அவுட்புட் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வழியில்லாவிட்டால் வோல்டேஜ் நாம் வைத்த அளவுக்கு மேலே ஏறிவிடும். வழக்கமாக 3.5 மில்லி ஆம்பியர் போதும், ஆனால் டேட்டாஷீட் 10 வரை தேவைப்படலாம் என்கிறது. அவுட்புட்டுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் இடையே நிற்கும் 1.25 வோல்ட்டில், 240 ஓம் வழியே ஓடுவது 5.2 மில்லி ஆம்பியர்தான். எங்கும் காணும் அந்த 240, குறைந்த சுமையிலேயே நிற்கும் எல்எம்117-க்குப் பொருத்தமானது; 317-க்கு 120 ஓம்தான் பத்திரம்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இன்னொரு வகை ரெசிஸ்டரும் உண்டு. 230 வோல்ட் ஏசியிலிருந்து பெரிய கெப்பாசிட்டர்களில் ஏறும் ஏறத்தாழ 320 வோல்ட்டை, பிளக்கைப் பிடுங்கிய பிறகு மெல்ல வடிப்பது அது. அது எரிந்துபோயிருந்தால் வெளியே தெரியாது. ஆகவே திறந்ததும் கையை விடாமல், முதலில் அந்தக் கெப்பாசிட்டரில் மீட்டரை வைத்துப் பாருங்கள்.